எல்லை தாண்டாத பணம்: அதிபர் பதவியை நாடும் அமெரிக்க ஆளுநர்களும் தேர்தல் நிதி விதிகளும்

2015 செப்டம்பரில், பத்து நாள் இடைவெளியில், இரண்டு பேர் அமெரிக்க அதிபர் போட்டியிலிருந்து விலகினார்கள். 11ஆம் தேதி டெக்சாஸின் முன்னாள் ஆளுநர் ரிக் பெரி. 21ஆம் தேதி விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர். பெரி பதினான்கு ஆண்டுகள் தன் மாநிலத்தை ஆண்டவர். வாக்கர் நான்கே ஆண்டுகளில் மூன்று தேர்தல்களைச் சந்தித்து மூன்றிலும் வென்றவர். இருவருமே பணம் திரட்டுவதில் கைதேர்ந்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். அப்படியிருந்தும் ஆகஸ்டிலேயே பெரியின் பிரசார ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றுபோயிருந்தது. வாக்கர் விலகியபோது அவருடைய பிரசாரக் குழுவுக்குப் பத்து லட்சம் டாலர் அளவுக்குக் கடன்.

அதே நாட்களில் பெரியை ஆதரித்த 'சூப்பர் பேக்' குழுக்கள், அதாவது வேட்பாளரைக் கலக்காமல் செலவழித்து வரம்பின்றி நன்கொடை வாங்கக்கூடிய வெளிக் குழுக்கள், 1.7 கோடி டாலர் அளவுக்குத் திரட்டியிருந்தன. வாக்கரின் ஆதரவுக் குழு அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்திலேயே 2 கோடி டாலர் சேர்த்திருந்தது. அந்தப் பணத்தில் ஒரு டாலரைக்கூட எடுத்து வேட்பாளரின் அலுவலக வாடகையையோ, அயோவாவில் வீடு வீடாக அலைந்த இளைஞனின் சம்பளத்தையோ, விமானச் சீட்டையோ கொடுக்க முடியாது. சட்டம் அப்படி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி அமெரிக்க அரசியலில் குறைவு.

இது ஏன் நேர்ந்தது என்று கேட்டால் இரண்டு மனிதர்களின் திறமைக் குறைவோடு பதில் முடிந்துவிடாது. அமெரிக்காவில் மாநில அரசியலுக்கு ஒரு பணச் சட்டம், தேசிய அரசியலுக்கு வேறொரு பணச் சட்டம். ஆளுநர் ஒருவர் அதிபர் பதவியை நோக்கி நகரும்போது முதல் சட்டத்தின் எல்லையைக் கடந்து இரண்டாவதற்குள் வருகிறார். ஆள் கடக்கலாம், பணம் கடக்கக் கூடாது. அந்த எல்லையில் என்ன நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. ஆளுநர் என்றதும் ராஜ்பவனும் தில்லியிலிருந்து வரும் நியமன ஆணையும் நினைவுக்கு வரும். அமெரிக்க ஆளுநர் அப்படியல்லர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர் அவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகரானவர். வரவு செலவுத் திட்டம், ஒப்பந்தங்கள், நியமனங்கள், அரசு ஊழியரின் ஓய்வூதிய நிதி எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. அதனாலேயே அவருக்குக் கொடுக்கப்படும் பணத்தைச் சட்டம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது என்பதே என் கருத்து.

1976 முதல் 2004 வரை நடந்த எட்டு அதிபர் தேர்தல்களில் ஏழில் ஆளுநராக இருந்தவர்களே வென்றார்கள். ஜார்ஜியாவின் ஜிம்மி கார்ட்டர், கலிஃபோர்னியாவின் ரொனால்ட் ரீகன், ஆர்கன்சாவின் பில் கிளின்டன், டெக்சாஸின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். 2008 முதல் 2024 வரை நடந்த ஐந்து தேர்தல்களில் ஒருவர்கூட இல்லை. கட்சி வேட்பாளர் என்ற இடம்வரை வந்த ஆளுநர் 2012இல் மிட் ராம்னி ஒருவர்தான். ஊடகம் மாறியது, கட்சிகள் மாறின, அரசியல் முழுக்கத் தேசியமயமானது. இந்தச் சரிவுக்குப் பணச் சட்டமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சரிவு தொடங்கிய காலமும் பழைய நிதி ஒழுங்கு குலைந்த காலமும் ஒன்றாக இருக்கின்றன. அதைக் கவனிக்காமல் கடந்துபோவது சரியில்லை.

பழைய ஒழுங்கு எப்படி இருந்தது என்று முதலில் பார்ப்போம். வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1974இல் தேர்தல் நிதிச் சட்டம் கடுமையாகத் திருத்தப்பட்டது. தனிமனிதர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 1,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்று வரம்பு வந்தது. கூடவே ஓர் உதவியும் வந்தது. ஒருவர் தரும் நன்கொடையில் முதல் 250 டாலருக்கு ஈடாக அதே அளவு பணத்தை அரசுக் கருவூலம் தரும். அதைப் பெற, குறைந்தது 20 மாநிலங்களில், மாநிலத்துக்கு 5,000 டாலர் வீதம், சிறு நன்கொடையாகத் திரட்டிக் காட்ட வேண்டும். செலவுக்கும் ஓர் உச்சவரம்பை ஏற்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் பக்லி எதிர் வலேயோ வழக்கில், நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்குக் கட்டாய வரம்பு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுப் பணம் வேண்டும் என்று தானாக முன்வருபவருக்கு மட்டும் செலவு வரம்பு நிலைத்தது.

இந்த ஏற்பாட்டின் முதல் பெரும் பயனாளி கார்ட்டர். தேசிய அளவில் பெயர் தெரியாத தென்மாநில முன்னாள் ஆளுநர். வாஷிங்டன் பணக்காரர்களின் பழக்கம் இல்லை. ஆனால் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் இருந்த ஒரு இசைத்தட்டு நிறுவனத்தின் நட்பு இருந்தது. ஆல்மன் பிரதர்ஸ் இசைக்குழு 1975இல் அவருக்காக நிதிக் கச்சேரி நடத்தியது. ராக் இசை கேட்க வந்த இளைஞர்கள் வாங்கிய நுழைவுச் சீட்டு ஒவ்வொன்றும் தனிமனித நன்கொடைக் கணக்கில் ஏறியது. அதற்கு ஈடாக அரசுப் பணமும் வந்தது. கச்சேரிச் சீட்டில் கிடைத்த சில டாலர்கள் கருவூலத்தின் கையால் இரட்டிப்பாகி ஒரு அதிபரை உருவாக்குவதில் பங்கு வகித்தன. செல்வாக்கு இல்லாத இடத்திலிருந்து வரும் ஆளுநருக்கு இதைவிட நல்ல ஏணியை அமெரிக்கா அதற்குப் பின் அமைக்கவில்லை. ரீகன், கிளின்டன் ஆகியோரும் இந்த நிதியை ஏற்றே வென்றார்கள்.

ஏணியை உதறிவிட்டு வென்ற முதல் வேட்பாளரும் ஓர் ஆளுநரே. 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தயாரானபோது உட்கட்சித் தேர்தல் கட்டத்துக்கு அரசுப் பணம் வேண்டாம் என்றார். ஏற்றால் செலவு வரம்புக்குள் அடங்க வேண்டும். 1,000 டாலர் வரம்பை மீறாமலே அவர் 10 கோடி டாலர் அளவுக்குத் திரட்டினார். ஒருவர் 1,000 டாலர்தான் தரலாம். ஆனால் நூறு நண்பர்களிடம் ஆளுக்கு 1,000 வாங்கிக் கொடுக்கலாம். இப்படி 1 லட்சம் டாலர் சேர்த்துத் தந்தவர்களுக்கு 'பயனீயர்' என்று பட்டம் கொடுத்தார்கள். டெக்சாஸ் மாநிலத் தேர்தலில் நன்கொடைக்கு வரம்பே கிடையாது. அங்கே பெரிய காசோலைகளை எழுதிப் பழகியவர்கள் தேசியத் தேர்தலில் வசூல் முகவர்களாக மாறினார்கள். ஆளுநர் பதவியிலிருந்து எல்லை கடந்து வந்தது பணம் அல்ல, பணக்காரர்களின் பெயர்ப் பட்டியல்.

அடுத்த தேர்தலில் வெர்மான்ட்டின் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன் மறுபக்கத்திலிருந்து அதையே செய்தார். ஆறு லட்சம் பேர் வாழும் சிறிய மாநிலம் அது. 1997இல் ஆளுநராக இருந்தபோது, ஆளுநர் வேட்பாளருக்கு ஒருவர் 400 டாலருக்கு மேல் தரக் கூடாது என்ற கடும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் டீன். அந்த வரம்பு மிகக் குறைவு என்று சொல்லி 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2003இல் அவர் இணையம் வழியாகச் சிறு நன்கொடைகளைக் குவித்தார். ஒரே காலாண்டில் ஏறக்குறைய 1.5 கோடி டாலர். அந்த நவம்பரில் அவரும் அரசு நிதியைக் கைவிட்டார். 2004 தொடங்கிச் சில வாரங்களில் அவருடைய போட்டி முடிந்துபோனாலும், பெயர் தெரியாத ஆளுநரும் பெரிய பணக்காரர் துணையின்றி எழ முடியும் என்பதை அவர் காட்டிவிட்டார். அரசு நிதித் திட்டத்துக்கு இரு கட்சியிலும் மதிப்புப் போனதும் அப்போதுதான்.

இனி எல்லைச் சுவருக்கு வருவோம். மாநிலத் தேர்தல் குழுவின் கணக்கில் உள்ள பணத்தைத் தேசியத் தேர்தல் குழுவின் கணக்குக்கு மாற்றக் கூடாது என்று மத்தியத் தேர்தல் ஆணையம் விதி வகுத்து, 1993 முதல் அது அமலில் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் மெக்கெய்ன்-ஃபைன்கோல்டு சட்டம் சுவரை இன்னும் உயர்த்தியது. மத்திய வரம்புக்கும் தடைகளுக்கும் உட்படாத பணத்தை தேசியப் பதவிக்கான வேட்பாளர் கேட்கவும் கூடாது, பெறவும் கூடாது, செலவிடவும் கூடாது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. டெக்சாஸ், வர்ஜீனியா, பென்சில்வேனியா, யூட்டா போன்ற மாநிலங்களில் ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். அந்த வெள்ளம் அப்படியே தேசியத் தேர்தலுக்குள் பாய்ந்தால் மத்திய வரம்புக்குப் பொருளே இருக்காது.

ஆனால் செனட்டருக்கு இந்தச் சுவர் இல்லை. அவருடைய செனட் தேர்தல் கணக்கும் மத்தியச் சட்டத்தின்கீழ் வருவதுதான். அதிலிருந்து அதிபர் தேர்தல் கணக்குக்கு ஒரே நாளில் மாற்றிக்கொள்ளலாம். 2008 தேர்தலுக்கு ஹிலாரி கிளின்டன் 1 கோடி டாலரை இப்படிக் கொண்டுவந்தார். 2020 தேர்தலுக்கு எலிசபெத் வாரன் 1 கோடிக்குச் சற்று மேல். 2024 தேர்தலுக்கு டிம் ஸ்காட் 2 கோடிக்கு மேல். ஆளுநர் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். அவரோடு மேடையில் நிற்கும் செனட்டர் இரண்டு கோடியிலிருந்து தொடங்குகிறார்.

வாக்கரின் கதையை இந்த இடத்தில் இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். விஸ்கான்சினில் ஆளுநர் வேட்பாளருக்கு ஒருவர் தரக்கூடிய உச்சவரம்பு அப்போது 10,000 டாலர். ஆனால் பதவிநீக்கக் கோரிக்கை மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் காலத்தில் மட்டும் அந்த வரம்பு தளர்ந்துவிடும் என்று மாநிலச் சட்டத்தில் இடம் இருந்தது. தொழிற்சங்க உரிமைகளைச் சுருக்கியதால் வாக்கருக்கு எதிராக அந்த மனு எழுந்தபோது, நாடு முழுவதிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. ஒரே நன்கொடையாளர் 5 லட்சம் டாலருக்கு மேல் தந்தார். 2012 ஜூனில் வாக்கர் பதவியைத் தக்கவைத்தார். மூன்று ஆண்டு கழித்து அதே நன்கொடையாளர் அவருடைய அதிபர் பிரசாரக் குழுவுக்கு உட்கட்சித் தேர்தலுக்காகத் தரக்கூடிய தொகை 2,700 டாலர். தேசியப் போட்டிக்கு வேண்டியது 2,700 டாலராக எழுதப்படும் பல ஆயிரம் சிறிய காசோலைகள். ஐந்து லட்சத்தைக் கேட்டுப் பழகிய ஓர் அமைப்பு அந்த வேலைக்குத் தன்னைத் தயார்செய்திருக்கவில்லை. ஜூலை 13இல் அறிவித்து எழுபது நாளில் விலகியதற்குக் கருத்துக்கணிப்புச் சரிவும் காரணம்தான். ஆனால் கருத்துக்கணிப்புச் சரிந்தால் சிறு நன்கொடை நின்றுவிடும். செனட்டரிடம் இருப்பதுபோல அந்தப் பஞ்ச மாதங்களைத் தாண்டுவதற்கான சேமிப்பு ஆளுநரிடம் இருக்காது.

சுவருக்கு உட்புறம் இன்னொரு வேலி இருக்கிறது. பொது விவாதத்தில் அது அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2010இல் கொண்டுவந்த விதி அது. அதன் பின்னணி வேதனையானது. ஆசிரியர்கள், காவலர்கள், சாலைப் பணியாளர்கள் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் ஓய்வூதியப் பணம் மாநிலங்களிடம் மலைபோல் குவிந்திருக்கிறது. அதை முதலீடு செய்யும் வாய்ப்புக்காகத் தனியார் நிறுவனங்கள் அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுப்பது வழக்கமாகியிருந்தது. நியூயார்க் மாநில ஓய்வூதிய நிதியின் பொறுப்பாளராக இருந்த ஆலன் ஹெவெசி 2010இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

விதி சொல்வது இது. ஓய்வூதிய நிதி யாரிடம் போக வேண்டும் என்பதில் அதிகாரம் உள்ள ஒருவருக்கு, அல்லது அதை முடிவுசெய்யும் குழுவில் ஆட்களை நியமிக்கும் அதிகாரம் உள்ளவருக்கு, முதலீட்டு நிறுவனத்தின் குறிப்பிட்ட நிலையில் உள்ள ஊழியர் நன்கொடை தந்தால், அந்த நிறுவனம் அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்த நிதியிடமிருந்து கட்டணம் வாங்கக் கூடாது. தனக்கு வாக்குரிமை உள்ள தேர்தலானால் 350 டாலர்வரை தரலாம். இல்லையென்றால் 150 டாலர். அத்தகைய அதிகாரம் உள்ள பதவிக்குப் போட்டியிடுபவருக்கும் இது பொருந்தும். அத்தகைய பதவியில் இப்போது இருப்பவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டாலும் பொருந்தும்.

இதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்த்தால் புரியும். ஒரு நிறுவனம் ஒரு மாநிலத்தின் ஓய்வூதியப் பணத்தில் 10 கோடி டாலரை நிர்வகிக்கிறது, ஆண்டுக்கு ஒரு சதவீதம் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். அந்த நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர், அந்த மாநில ஆளுநரின் அதிபர் பிரசாரத்துக்கு, உண்மையான ஈடுபாட்டில், ஒரு மாலை கைப்பேசியில் 500 டாலர் அனுப்புகிறார். அந்த ஒரு விரல் அசைவுக்கு நிறுவனம் 20 லட்சம் டாலரை இழக்கலாம். லஞ்ச நோக்கம் இருந்ததா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. சிறு தவறுகளைக் குறித்த காலத்துக்குள் கண்டுபிடித்துப் பணத்தைத் திரும்பப் பெற்றால் ஓரளவு விலக்கு உண்டு, அதுவும் மிகக் குறுகியது. ஆகவே இத்தகைய நிறுவனங்களில், எந்த அரசியல் நன்கொடைக்கும் முன்னனுமதி வாங்க வேண்டும் என்ற உள்விதி பரவிவிட்டது. ஆளுநர் பெயர் என்றால் மறுப்பதே எளிது.

2024 ஆகஸ்ட் 6ஆம் தேதி கமலா ஹாரிஸ் தன் துணை அதிபர் வேட்பாளராக மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸை அறிவித்தார். உடனே சட்ட நிறுவனங்கள் முதலீட்டு நிறுவன வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கைக் குறிப்புகள் அனுப்பின. மினசோட்டா மாநில முதலீட்டு வாரியத்தில் ஆளுநர் நேரடி உறுப்பினர். அந்த வாரியத்தோடு தொழில் செய்பவர்கள் முந்தைய நாள்வரை ஹாரிஸ் பிரசாரத்துக்குத் தாராளமாகத் தந்திருக்கலாம். ஆகஸ்ட் 6க்குப் பிறகு வரம்பை மீறிய ஒவ்வொரு டாலரும் ஆபத்து. எதிர்த்தரப்புத் துணை வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் செனட்டர். அவரால் டிரம்ப் பிரசாரத்துக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. எட்டு ஆண்டுக்கு முன் நிலைமை தலைகீழாக இருந்தது. 2016இல் டிரம்ப் அணியில் துணை வேட்பாளர் இண்டியானா ஆளுநர் மைக் பென்ஸ், ஹிலாரி அணியில் செனட்டர் டிம் கெய்ன். கட்சி எதுவாயினும் விதியின் பாரம் ஆளுநர் பக்கம்தான் விழுகிறது.

முன்னாள் ஆளுநர்களுக்கு இந்த வேலி கிடையாது. ராம்னி 2012இல் பதவியில் இல்லை. வங்கித் தொழிலும் முதலீட்டுத் தொழிலும் தயக்கமின்றி அவருக்குக் கொடுத்தன. அதே போட்டியில் பதவியில் இருந்த ரிக் பெரிக்கு வேலி இருந்தது. 2016இல் ஜெப் புஷ்ஷுக்கு இல்லை, வாக்கருக்கும் நியூஜெர்சியின் கிறிஸ் கிறிஸ்டிக்கும் இருந்தது. 2024இல் நிக்கி ஹேலிக்கு இல்லை, ஃபுளோரிடாவின் ரான் டிசாண்டிஸுக்கு இருந்தது. மேலே ஏற நினைக்கும் ஆளுநரிடம் விதி மறைமுகமாகச் சொல்வது, முதலில் பதவியை விட்டு இறங்கு என்பதே. ஒரு மாநிலத்தை இன்று நிர்வகித்துக்கொண்டிருப்பவரைவிட, அதை விட்டுவிட்டு நிதி திரட்டிக்கொண்டிருப்பவருக்கு வசதி செய்து தருகிறோம் என்பது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் இந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓய்வூதியத்தை நம்பியிருக்கும் ஒரு பள்ளி ஆசிரியை, தன் பணம் யாரிடம் போகிறது என்பதை ஒரு காசோலை முடிவு செய்துவிடக் கூடாது என்று எதிர்பார்க்கும் உரிமை உடையவர். 2019இல் வாஷிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும், பங்குத் தரகர்களுக்கான இதேபோன்ற விதியை எதிர்த்துக் குடியரசுக் கட்சியின் மாநிலக் கிளைகள் தொடுத்த வழக்கில், விதியின் பக்கமே நின்றது.

என் மறுப்பு வேறொன்றின்மீது. 500 டாலரைத் தடுக்கும் அதே சட்ட அமைப்பு, உண்மையில் சுயேச்சையாக இயங்கும் சூப்பர் பேக்குக்கு அதே பங்குதாரர் 5 லட்சம் டாலர் தருவதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. அந்தக் குழு ஆளுநரின் குழு அல்ல என்பது சட்டத்தின் கணக்கு.

அந்தக் கதவு 2010இல் திறந்தது. ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில், வேட்பாளரைக் கலக்காமல் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் எவ்வளவும் செலவழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு, அப்படிச் செலவழிக்கும் குழுக்கள் வரம்பின்றி நன்கொடை வாங்கலாம் என்றது. எல்லை கடக்க முடியாத பெருந்தொகைக்கு இப்படி ஒரு கொல்லைப்புற வழி அமைந்தது. அதற்கு முன்பும் வேறு வழிகள் இருந்தன. ராம்னி 2008 தேர்தலுக்கு முன் அயோவா உள்ளிட்ட பல மாநிலங்களில் தனித்தனி அரசியல் குழுக்களை நிறுவி, அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதித்த பெரிய தொகைகளைத் திரட்டினார். குடியரசுக் கட்சி ஆளுநர்கள் சங்கத்தின் தலைமைப் பதவியும் அத்தகைய வழிகளில் ஒன்று. 2014இல் கிறிஸ்டி அதன் தலைவராக இருந்தபோது சங்கம் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பணம் சங்கத்துக்கே. ஆனால் கொடுத்தவர்களின் அறிமுகம் தலைவருக்கு.

ஜெப் புஷ்தான் கொல்லைப்புற வழியை முழுதாகப் பயன்படுத்திப் பார்த்தவர். 2015இன் முதல் ஐந்தரை மாதம் அவர் தன்னை வேட்பாளர் என்று அறிவிக்கவே இல்லை. அறிவிக்காதவரை, 'ரைட் டு ரைஸ்' என்ற சூப்பர் பேக்குக்காக ஊர் ஊராகப் போய் விருந்துகளில் பணம் திரட்டலாம். ஜூன் 15இல் அறிவித்தார். ஜூன் இறுதிக் கணக்கில் அந்தக் குழுவிடம் வந்து சேர்ந்திருந்த தொகை 10.3 கோடி டாலர். அதற்குப் பின் நடந்ததும் தெரிந்ததே. 2016 பிப்ரவரியில் தெற்கு கரோலினாவில் தோற்று விலகியபோது அவர் வென்றிருந்த கட்சிப் பிரதிநிதிகள் நான்கு பேர்.

அவ்வளவு பணம் ஏன் பயன்படவில்லை? ஒரு காரணம் தொலைக்காட்சிக் கட்டணத்தில் இருக்கிறது. உட்கட்சித் தேர்தலுக்கு முந்தைய 45 நாட்களில் வேட்பாளரின் பிரசாரக் குழுவுக்கு, நிலையங்கள் தங்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் விளம்பர நேரம் தர வேண்டும் என்பது சட்டம். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை இல்லை. நிலையம் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டும். போட்டி முற்றும் வாரங்களில் அது பல மடங்கு உயரும். ஆகவே சூப்பர் பேக்கின் ஒரு டாலர் பிரசாரக் குழுவின் ஒரு டாலருக்குச் சமம் அல்ல. இன்னொரு காரணம், வேட்பாளர் என்ன சொல்ல நினைக்கிறார் என்பதைக் குழுவோடு கலந்து பேச முடியாது என்பது. 'ரைட் டு ரைஸ்' குழுவுக்கு ஒரு பின்கதையும் உண்டு. சீனர்களுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்திடமிருந்து 13 லட்சம் டாலர் பெற்றதற்காக, 2019இல் தேர்தல் ஆணையம் அதற்கு 3.9 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. வரம்பில்லாப் பணம் என்றால் யாருடைய பணம் என்ற கேள்வியும் கூடவே வரும் என்பதற்கு அது சாட்சி.

டிசாண்டிஸ் இன்னும் துணிந்தார். 2022 ஆளுநர் தேர்தலுக்கு அவர் 20 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தார். ஃபுளோரிடாவின் மாநில அரசியல் குழுவுக்கு நன்கொடை வரம்பு இல்லை. தேர்தல் முடிந்து மிஞ்சியது பெருந்தொகை. 2023 மே 24இல் அவர் அதிபர் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். அதற்கு முன்பே அந்த மாநிலக் குழுவிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டு, குழு வேறு பெயர் சூட்டிக்கொண்டது. மாநிலத் தேர்தல் அலுவலகம் தன் பழைய விளக்கத்தை மாற்றி வழிவிட்டது. அந்தக் குழு 8.25 கோடி டாலரை 'நெவர் பேக் டவுன்' என்ற சூப்பர் பேக்குக்கு மாற்றியது. சட்டத்தை மீறிய செயல் என்று ஒரு கண்காணிப்பு அமைப்பு மத்தியத் தேர்தல் ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஆணையத்தில் ஆறு இடங்கள், ஒரே கட்சிக்கு மூன்றுக்கு மேல் கூடாது, எந்த நடவடிக்கைக்கும் நான்கு வாக்கு வேண்டும். இந்த ஏற்பாட்டில் கட்சி சார்ந்த புகார் முடங்கிப்போவது அடிக்கடி நடப்பதே.

அந்தப் பணம் அயோவாவில் எப்படி இயங்கியது என்பதைப் பாருங்கள். பேருந்து சூப்பர் பேக்கினுடையது. கூட்டத்தை ஏற்பாடு செய்தது சூப்பர் பேக். வீடு வீடாகக் கதவு தட்டியவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது சூப்பர் பேக். வேட்பாளர் அந்தக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். தன் சொந்தப் பிரசாரத்தில் ஒரு மனிதர் விருந்தினர். பிரசாரக் குழுவும் ஆதரவுக் குழுவும் நேரில் பேசிக்கொள்ளக் கூடாது என்பதால் கருத்து வேறுபாடுகள் பத்திரிகை வழியாக வெடித்தன. 2023 டிசம்பருக்குள் ஆதரவுக் குழுவின் தலைமையில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியேறினார்கள். அயோவாவின் 99 கவுண்டிகளுக்கும் போய்வந்த டிசாண்டிஸ், 2024 ஜனவரி 15இல் அங்கே டிரம்ப்புக்கு வெகு பின்னால் இரண்டாம் இடம் பெற்றார். ஜனவரி 21இல் விலகினார்.

சொந்தப் பணம் உள்ளவருக்கு இந்தச் சுவர், வேலி எதுவும் பொருட்டல்ல. வேட்பாளர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்வதற்கு வரம்பில்லை என்பதும் 1976 தீர்ப்பின் விளைவுதான். 2008இல் ராம்னி தன் கையிலிருந்து 4 கோடி டாலருக்கு மேல் போட்டார். வடக்கு டகோட்டா ஆளுநர் டக் பர்கம் 2023இல் தன் பிரசாரத்துக்கு 1 கோடி டாலர் கடன் கொடுத்துத் தொடங்கினார். ஆனால் முதல் விவாத மேடைக்கு 40,000 நன்கொடையாளர்கள் வேண்டும் என்று கட்சி விதித்திருந்தது. ஏழெட்டு லட்சம் பேர் வாழும் மாநிலத்தின் ஆளுநருக்கு அது பெரிய எண்ணிக்கை. 1 டாலர் நன்கொடை தருபவருக்கு 20 டாலர் பரிசு அட்டை தருவதாக அறிவித்தார். ஆட்கள் சேர்ந்தார்கள், மேடையும் கிடைத்தது. சிறு நன்கொடை என்பது மக்கள் ஆதரவின் அளவுகோல் என்ற எண்ணத்தில் வைத்த விதி, பணக்கார ஆளுநர் ஒருவர் விலைக்கு வாங்கக்கூடிய எண்ணாகிவிட்டது.

இதற்கு நேரெதிரான வாழ்க்கை மான்டானாவின் ஸ்டீவ் புல்லக்குடையது. என்னை மிகவும் வருத்தும் கதையும் இதுவே. செப்புச் சுரங்க முதலாளிகள் மாநிலச் சட்டமன்றத்தையே விலைக்கு வாங்கிய வரலாறு மான்டானாவுக்கு உண்டு. 1899இல் வில்லியம் கிளார்க் என்ற சுரங்க அதிபர் செனட் இடத்துக்காக உறுப்பினர்களுக்கு லஞ்சம் கொடுத்த விவகாரம் நாடறிந்தது. அதன் கசப்பில் பிறந்தது, தேர்தலில் கம்பெனிப் பணத்தைத் தடுத்த 1912ஆம் ஆண்டுச் சட்டம். அரசுத் தலைமை வழக்கறிஞராகப் புல்லக் அதைக் காக்க வாதாடினார். மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 2012 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல் 5-4 என்று அதை வீழ்த்தியது. பிறகு ஆளுநரானார். 2015இல் யார் பணம் என்று வெளியிடச் செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 2018இல் மாநில அரசோடு ஒப்பந்தம் செய்பவர்கள் தங்கள் அரசியல் செலவைச் சொல்ல வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார்.

2019இல் அவர் அதிபர் போட்டிக்கு வந்தபோது மே 14 ஆகிவிட்டது. மாநிலச் சட்டமன்றக் கூட்டத்தொடர் முடியட்டும், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டு நீட்டிப்பு நிறைவேறட்டும் என்று காத்திருந்தார். ஆளுநரின் வேலை அது. அதற்குள் மற்றவர்கள் மாதக்கணக்கில் நன்கொடையாளர் பட்டியலை வளர்த்திருந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதத்துக்கு 65,000 நன்கொடையாளர்கள் அல்லது கருத்துக்கணிப்பில் ஒரு சதவீதம் வேண்டும். மக்கள்தொகை பத்து லட்சத்தை அப்போது பெரிதாகத் தாண்டாத மாநிலத்திலிருந்து, ஒரு மாதத்தில், அது இயலவில்லை. மியாமியில் நடந்த அந்த முதல் விவாத மேடையில் அவருக்கு இடமில்லை. அடுத்த மாதம் டெட்ராய்ட்டில் ஒரு முறை நின்றார். டிசம்பர் 2இல் விலகினார். வாஷிங்டன் மாநிலத்தின் ஜே இன்ஸ்லி, கொலராடோவின் முன்னாள் ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பர் இருவரும் அதற்கு முன்பே ஆகஸ்டில் போய்விட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு புல்லக் செனட் தேர்தலில் நின்றார். அதிபர் போட்டி முழுவதிலும் திரட்டியதைப்போலப் பல மடங்கு தொகையை, ஒரே காலாண்டில், நாடு முழுவதிலுமிருந்து அவருக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு செனட் இடத்துக்காக இரு தரப்பும் செலவழித்தது 10 கோடி டாலருக்கும் மேல். அதில் பெரும் பகுதி, அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்த வெளிக் குழுக்களின் பணம். தோற்றுப்போனார்.

என் பார்வையில் சுவரும் சரி, ஓய்வூதிய வேலியும் சரி, அவற்றின் நோக்கத்தில் பிழையில்லை. பிழை அவற்றுக்கு நடுவே திறந்துகிடக்கும் கதவில். கதவு திறந்திருக்கும்போது சுவர் தடுப்பது சிறு நன்கொடையைத்தான். மாநிலக் கணக்கில் உள்ள பணத்தில் மத்திய வரம்புக்குள் அடங்கும் பகுதியை, கொடுத்தவரின் சம்மதத்தோடு மட்டும், மாற்றிக்கொள்ள அனுமதிக்கலாம். இதற்கான விதை இப்போதைய விதியிலேயே இருக்கிறது. மாநிலக் குழு நன்கொடையைத் திருப்பிக் கொடுத்து, அதே நன்கொடையாளரைத் தேசியக் குழு தன் செலவில் அணுகுவதற்கு அது இடம் தருகிறது. டெக்சாஸ் கோடீஸ்வரரின் 5 லட்சம் அங்கேயே நிற்கும். மான்டானா விவசாயியின் 50 டாலர் எல்லை தாண்டும். செனட்டரின் முன்தொடக்கமும் ஓரளவு ஈடுகட்டப்படும். அறிவிக்காமலே ஆறு மாதம் அறிவித்தவர்போல் பணம் திரட்டுவதற்கும், சூப்பர் பேக்கின் பேருந்தில் விருந்தினராகப் போவதற்கும் முடிவு கட்ட வேண்டும். அதற்கு நான்கு வாக்கு கிடைக்காத ஆணையம் போதாது, காங்கிரஸ் சட்டம் வேண்டும். 2019இலும் 2021இலும் பிரதிநிதிகள் சபை, சிறு நன்கொடைக்கு ஆறு மடங்கு ஈட்டுப் பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அது நிறைவேறவில்லை.

கார்ட்டரை ஏற்றிய பழைய ஏணி இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நிபந்தனை அதே 20 மாநிலம், அதே 5,000 டாலர், அதே 250 டாலர். விலைவாசி எங்கோ போய்விட்டது, அந்த எண்களை யாரும் தொடவில்லை. 2016 தேர்தலில் மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் மார்ட்டின் ஓமேலி அதைக் கேட்டு, தகுதி காட்டி, பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல் பெற்றார். அமெரிக்கர்களின் வருமான வரிப் படிவத்தின் முதல் பக்கத்தில் பெயர், முகவரிக்குப் பக்கத்தில் இன்றும் ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால், அவர்கள் கட்டும் வரியிலிருந்து 3 டாலர் அந்த நிதிக்குப் போகும்.